ஒன்பது அங்குலம் வளர வேண்டிய மூலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் உயிரில்லாத ஒரு பொருளோடு தினமும் வாய்ச்சண்டை போட்டேன் என்றால் அது தொண்ணூற்றொன்றாம் வருஷம்தான்.

அப்போது படப்பையில் ஒரு கட்டட என்ஜினியரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். மணிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஆபீசில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர். சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போய்விடுவார். நான் பலகை முன்னால் குனிந்து வீட்டு பிளான்களை வரைந்துகொண்டிருப்பேன். அந்த வருஷத் தொடக்கத்தில் சாருக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆசை வந்தது.

"ஓரகடம் பக்கம் இனிமே கம்பெனிங்களா வரப் போவுதும்மா. நீ பென்சிலை சீவிக்கினு ஒக்காந்திருந்தா ஒருத்தனும் நம்மகிட்ட வரமாட்டான்" என்றார்.

கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை, அறைக்கு ஏசி. சாருக்கே ஃபேன்தான், பெட்டிக்கு ஏசி. உள்ளே போவதானால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் நாள் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தார் சார். என்னை மெட்ராசுக்கு அனுப்பி ஆறு வாரம் படிக்க வைத்தார். திரும்பி வந்ததும் ஒன்று சொன்னார். முதல் கம்பெனி வரைபடம் ஒழுங்காக வெளியே போனால் அந்த நாற்காலி என்னுடையது. சொதப்பினால் மெட்ராசிலிருந்து நன்றாகத் தெரிந்த ஆளாகக் கூட்டிவந்துவிடுவார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. நாம் கோடு போடும்போது அது சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. திரை முழுக்கப் புள்ளி வைத்திருக்கும். ஒரு அடிக்கு ஒரு புள்ளி என்று சொல்லி வைத்தால், அம்புக்குறி ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவுமே தவிர நடுவில் நிற்காது. நாலே முக்கால் அடியில் சுவர் வேண்டும் என்று நான் எவ்வளவு மெதுவாகக் கையை நகர்த்தினாலும், நாலில் நிற்கும், இல்லாவிட்டால் ஐந்தில் நிற்கும். இதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. நிறுத்தினால் கோடு கோணலாகப் போகும். கோணலைத் தடுக்க இன்னொரு பொத்தான். அதை அழுத்தினால் நேர்க்கோடு மட்டும்தான் வரும், சாய்வாக ஒரு படிக்கட்டுக் கைப்பிடிகூடப் போட முடியாது. ஒரு பொத்தானை அழுத்துவதும், மறந்துபோய் மறுபடி அழுத்துவதுமாக என் பாதி நாள் கழியும்.

இவற்றை எல்லாம்விட என்னைப் பாடாய்ப் படுத்தியது ஸ்நாப் என்கிற பிடிப்புதான். அம்புக்குறியைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் ஏதாவது ஒரு கோட்டின் முனை வந்துவிட்டால் போதும், நம் கோட்டை இழுத்துக்கொண்டு போய் அதில் ஒட்டிவிடும். நல்லெண்ணம்தான். இரண்டு சுவர் சேரும் இடத்தில் மயிரிழைகூட இடைவெளி இருக்கக் கூடாதே என்பதற்காகச் செய்து வைத்தது. ஆனால் எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அதை விட்டுவிட்டுப் பக்கத்து முனையைப் பிடிக்கும். கல்யாண மண்டபத்தில் நாம் பெண்ணைப் பார்க்கலாம் என்று மேடைப் பக்கம் போனால், வழியில் ஒரு சித்தப்பா கையைப் பிடித்துப் பந்தியில் காலியாக இருக்கும் இலை முன்னால் உட்கார வைத்துவிடுவாரே, அந்த மாதிரி. கோபித்துக்கொள்ளவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது.

"அங்க இல்ல சனியனே, இங்க!" என்று நான் கத்துவது வெளியே கேட்கும்.

"யாரும்மா உள்ள?" என்பார் சார்.

"யாரும் இல்ல சார்."

"அப்ப யாரத் திட்டினுகீற?"

இப்படி இரண்டு மாசம் போன பிறகுதான் அந்த முதல் கம்பெனி வேலை வந்தது. மெட்ராசில் வாடகைக் கட்டடத்தில் ஸ்பிரிங் செய்துகொண்டிருந்த ஒருவர், சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு வயலை வாங்கியிருந்தார். சொந்தமாக ஷெட் போட வேண்டும், அதற்கு முன்னால் சுற்றிலும் காம்பவுண்டு சுவர் எழுப்ப வேண்டும். நல்ல மனிதர். என்னைப் போன்ற சின்னப் பெண்ணிடம்கூட உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார்.

இடத்தின் அமைப்பு சிக்கலானது அல்ல. வடக்கே ரோடு. ரோட்டோரமாக மேற்கிலிருந்து கிழக்கே சுவருக்குச் சரியாக இருநூறு அடி. கிழக்கு எல்லையை ஒட்டி ரோட்டிலிருந்து தெற்கே ஒரு மண்வழி போகும். அந்த வழி பின்னால் இருக்கும் ஒரே ஒரு வீட்டுக்கானது. வயலை விற்றவர், அந்த வீட்டுக்காரர்களுக்கு வைக்கோல் வண்டி போக வர எட்டடி வழி விட வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார். எட்டடியைக் குறித்துக்கொள்வதற்காக அந்த வழியின் நடுவில் ஒரு புள்ளிக்கோடும் போட்டு வைத்தேன்.

ஓனர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஈசானி கொஞ்சம் வளரட்டும்மா" என்றார்.

வடகிழக்கு மூலையைத்தான் ஈசானி என்பார்கள். மனையில் அந்த மூலை கொஞ்சம் நீண்டிருந்தால் விருத்தி, குறைந்திருந்தால் ஆகாது. எங்கள் பக்கத்து மேஸ்திரிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். நூல் கட்டும்போதே அந்த மூலையை மட்டும் இரண்டு விரல் வெளியே தள்ளித்தான் முளை அடிப்பார்கள். ஓனர் நாள் பார்ப்பவரிடம் கேட்டு ஒன்பது அங்குலம் என்று முடிவு செய்திருந்தார். ரோட்டோரத்தில் அவர் நிலமே இருநூறுக்கு மேல் ஒரு அடி கூடுதலாக இருந்ததால், ஒன்பது அங்குலம் வளர்ப்பதில் யாருக்கும் தொந்தரவு இல்லை. அந்த ஒரு அடியைத் தாண்டித்தான் எட்டடி வழி ஆரம்பிக்கிறது.

வரைபடம் முழுவதையும் முடித்துவிட்டு, கடைசியாக அந்த மூலையை நகர்த்த உட்கார்ந்தேன். அன்றைக்கே வரைபடத்தைப் பிளாப்பியில் ஏற்றி எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏற வேண்டும். எங்களிடம் பெரிய தாளில் வரையும் பிளாட்டர் கிடையாது. மெட்ராசில் ஒரு கடையில் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அவர்கள் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நேரம் அப்போதே மூன்றரை.

இருநூறு அடி மனை முழுதும் அந்தச் சின்னத் திரையில் தெரியும்போது, ஒன்பது அங்குலம் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை பெரிதாக்கும்போதும் அது எல்லாக் கோட்டையும் அழித்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக வரைந்து காட்டும். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சரியான முறை, ஒன்பது அங்குலம் கிழக்கே என்று எண்ணைத் தட்டச்சு செய்வது. அதைத்தான் ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அவசரம். அதோடு, உண்மையைச் சொல்வதானால், கையாலேயே வைத்துவிடலாம் என்கிற திமிர்.

மூலையைப் பிடித்து ஒரு துளி கிழக்கே நகர்த்தினேன். ஸ்நாப் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டது. மறுபடி நகர்த்தினேன். மறுபடி இழுத்தது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து அழுத்தினேன். இந்தத் தடவை நகர்ந்துவிட்டது. திரையில் கிழக்குச் சுவர் வடக்கே போகப் போக லேசாக வெளியே சாய்ந்து அழகாக நின்றது. "அப்படி வா வழிக்கு" என்று சொல்லிவிட்டுப் பிளாப்பியில் ஏற்றினேன்.

தாள் வந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஒரே கனத்தில் கோடுகள், அச்சடித்த மாதிரி எழுத்துகள். அளவுகளைக்கூட மென்பொருளே அளந்து எழுதியிருந்தது. சார் அதை மேசையில் விரித்துக் கையை வைத்துத் தடவினார்.

"ஈசானி நல்லாவே வளந்திருக்கே. ஓனர் சந்தோஷப்படுவாரு" என்றார்.

ஓனர் சந்தோஷப்பட்டார். மேஸ்திரி தாளில் அந்த மூலையைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ் ஓனருங்க விவரமானவங்கதான் என்றாராம். சாதாரணமாக ஒரு மேஸ்திரி மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்துப் பார்ப்பார். இரண்டு குறுக்கும் சமமாக இல்லை என்றால் எங்கோ தப்பு என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஈசானி வளர்ந்த மனையில் குறுக்கு சமமாக வராது, வரவும் கூடாது. அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. தாளில் இருந்தபடியே முளை அடித்து, நல்ல நேரத்தில் அந்த மூலையில் பூஜை போட்டுக் கல் வைத்து, அஸ்திவாரப் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

புரட்டாசி மாசம், ஒரு வியாழக்கிழமை. நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் ஆபீசுக்கு வந்தார். வேகமாக நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அந்த மண்வழிக்குப் பின்னால் இருக்கும் வீடு அவருடையது. நாலு பசு வைத்துப் படப்பையில் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறார். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"சார், உங்க கம்பெனி காம்பவுண்டு என் வூட்டு வழில வந்து நிக்குது. ரோட்டுகிட்ட வாய் நாலடிதான் கீது. வைக்கோல் வண்டி உள்ள வரல. திங்கக்கெழம காங்கிரீட்டு போடறாங்களாம். அப்புறம் யாரு ஒடைப்பா?"

"அளந்துதாம்மா போட்டிருக்கு" என்றார் சார்.

"யாரு அளந்தாங்க? எட்டடின்னு எழுத்துல கீது. ஐப்பசில மழ புடிச்சிக்கினா வெளிய ஒரு புல்லு கெடைக்காது. அதுக்குள்ள வைக்கோல ஏத்தி போர் போட்டாத்தான் நாலு மாடும் நிக்கும். இல்லன்னா வித்துட்டுப் போவ வேண்டியதுதான்."

"இது கம்ப்யூட்டர்ல போட்டதும்மா. அது தப்பு பண்ணாது."

"அது எங்க சார் கீது? நான் அதையே கேக்கறேன்."

அந்த அம்மாள் கண்ணாடிக் கதவுக்குள் என்னைப் பார்த்தார். வாசலில் செருப்புகள் கிடப்பதைப் பார்த்துத் தானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குங்குமம் வைத்த பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"யம்மா, இதுவா எங்க வழிக்கு வந்து அளந்துச்சி?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் பாக்கறேன்க்கா. இன்னிக்கே பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் அரைமனசாகப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வரைபடத்தைத் திறந்தேன். அந்த மூலையைப் பெரிதாக்கினேன். எல்லாக் கோடும் அழிந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. போதவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். மறுபடி அழிந்து, மறுபடி வந்தது. மூன்றாவது தடவை தெரிந்துவிட்டது. சுவரின் மூலை, வழியின் நடுவில் நான் போட்டு வைத்த புள்ளிக்கோட்டின் முனையில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளி வைத்து அழுத்தியபோது ஸ்நாப் பழைய மூலையை விட்டுவிட்டு அடுத்து இருந்த முனையைப் பிடித்திருக்கிறது. ஒன்பது அங்குலம் வளர வேண்டிய ஈசானி ஐந்தடி வளர்ந்திருந்தது. ரோட்டோரச் சுவருக்கு அந்த மென்பொருள் தன் கையாலேயே இருநூற்றைந்து அடி என்று எழுதியும் வைத்திருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை.

ஏசி அறையில் எனக்கு வியர்த்தது. பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் நினைத்ததை எல்லாம் சொல்லப் போனால் எனக்கே வெட்கமாக இருக்கும். மேஸ்திரி தப்பாக முளை அடித்துவிட்டார் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நாற்காலியை விட்டுவிட எனக்கு மனசில்லை. அந்தப் பெட்டியைத் தினமும் திட்டினாலும், அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நான் ஒரு பெரிய ஆள் மாதிரி இருந்தேன். ஆனால் நாலு மாடு விஷயம் தலைக்குள் நின்றுகொண்டே இருந்தது. எழுந்துபோய்ச் சாரிடம் உள்ளபடி சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பூஜை போட்டாச்சு. கல்லு வெச்சாச்சு. இப்ப போய் ஈசானிய கொறைக்கணும்னு சொன்னா அந்த ஆள் நம்ம மூஞ்சிலயே முழிக்க மாட்டாரு."

"அந்தம்மா வழி சார்."

"நாலடி கீது இல்ல? சைக்கிள் போவும், மாடு போவும்."

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "நாலடில உங்க ஸ்கூட்டரு போவும் சார். வைக்கோல் வண்டி போவுமா? மழைல அந்த மாடுங்க இன்னா தின்னும்? கம்ப்யூட்டர் பிரிண்டையா?"

பேசி முடித்த பிறகுதான் யாரிடம் பேசினேன் என்று உறைத்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சார் வரைபடத் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழம ஓனர் சைட்டுக்கு வராரு. நீயே வந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மாள் எனக்கு முன்னாலேயே ஒரு வேலை செய்து வைத்திருந்தார். தன் தம்பியை விட்டு ஒரு வண்டி நிறைய வைக்கோல் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லி, வழியின் வாயில் நிறுத்தியிருந்தார். ஒரு பக்கம் அஸ்திவாரப் பள்ளம், இன்னொரு பக்கம் பக்கத்து வயலின் எல்லைக்கல். நடுவில் நாலடி. வண்டி இங்கும் போகாமல் அங்கும் போகாமல் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மாடுகள் நுகத்தோடு தலையைத் திருப்பிப் பின்னால் இருக்கும் வைக்கோலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓனரின் கார் வந்து அந்த வண்டிக்குப் பின்னால்தான் நின்றது. நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

இறங்கி வந்து பள்ளத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்படி இவ்வளவு வெளியே வந்தது? நான் ஒன்பது அங்குலம்தானே சொன்னேன்?"

சார் என்னைப் பார்த்தார். நான் தாளைக் காரின் மேல் விரித்து, மூலையையும் புள்ளிக்கோட்டையும் காட்டிச் சொன்னேன். பாதியில் இருமல் வந்தது.

"அப்போ கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சா?" என்றார் ஓனர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியிருப்பார்கள். பெட்டியும் என்னை எதிர்த்துப் பேசப் போவதில்லை.

"இல்ல சார். அது பக்கத்துல இருந்த முனையப் புடிச்சிது. அதோட வேலையே அதுதான். பாக்காம விட்டது நான்."

அவர் என் மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. முதல் தடவையாகச் சொந்த இடம். "அதெல்லாம் சரிம்மா. ஆனா பூஜை போட்ட ஈசானியைக் குறைக்கக் கூடாதே. ஆரம்பத்திலேயே இப்படியா?" என்று மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போச்சு, நாளைக்குக் காங்கிரீட் போட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

அந்த அம்மாள்தான் முன்னால் வந்தார். "கொறைக்க வேணாம் சார். உங்க மூலை உங்க எடத்துல வளரட்டும், நான் வேணான்னு சொல்லல. என் வழில வளந்துச்சின்னா அது யாருக்குப் போவும்? எனக்குத்தான் போவும். நீங்க செலவு பண்ணி சொவுரு கட்டுவீங்க, விருத்தியெல்லாம் என் மாட்டுக் கொட்டாய்க்கு வந்துரும். அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துண்டை வாயில் வைத்துக்கொண்டார். ஓனர் சிரிக்கவில்லை. அவர் அதை நிஜமாகவே யோசித்தார். அடுத்தவர் மண்ணில் நீட்டிய ஈசானி யாருக்குச் சேரும் என்ற கேள்வி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. கடைசியில் மேஸ்திரியிடம் திரும்பினார். "கல்லை எடுத்து மாத்தி வைக்கலாமா?"

"தாராளமா வெக்கலாம் சார். பத்தரை வரைக்கும் நேரம் நல்லாக் கீது. பால் மட்டும் வேணும், ஊத்தறதுக்கு."

"பாலா? நான் கொண்டாறேன்" என்று அந்த அம்மாள் தன் வீட்டைப் பார்த்து ஓடினார்.

மேற்குப் பக்க முளையில் மேஸ்திரி டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு கிழக்கே வந்தேன். இருநூறு அடி. அங்கிருந்து ஒன்பது அங்குலம். இந்தத் தடவை எதுவும் என் கையை இழுக்கவில்லை, காற்றுக்கு டேப் மட்டும் கொஞ்சம் படபடத்தது. மூன்று தடவை படித்துப் பார்த்தேன். சாரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னேன். பிறகு முளை அடித்தார்கள். அந்த முளையிலிருந்து எதிர்ப்பக்க எல்லைக்கல் வரைக்கும் அளந்தேன். எட்டடி மூன்று அங்குலம்.

சொம்பில் பாலோடு திரும்பி வந்த அந்த அம்மாள் நான் அளப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"மூணு அங்குலம் கூட கீதே?"

"அது அவரோட நெலம்க்கா."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நெசமா சொல்லு. தப்பு அந்தப் பொட்டில வந்துச்சா, உன் கைலயா?"

"என் கைலதான்க்கா."

"அப்ப சரி. கைன்னா சொன்னாக் கேக்கும்."

கல்லை மாற்றி வைத்து மஞ்சள் குங்குமம் இட்டார்கள். அந்த அம்மாள் கொண்டுவந்த பாலை ஓனர் வாங்கித் தன் கையால் ஊற்றினார். ஆட்கள் வழியில் வந்திருந்த பள்ளத்தை மண் தள்ளி மூடி மிதித்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்று டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சார் பக்கத்தில் வந்தார்.

"நாளைக்கு மொத வேலையா அந்த டிராயிங்க திருத்திடு."

"நானா சார்?"

"பின்ன, அதுவா வந்து திருத்திக்கும்?" என்றார். போகிற போக்கில், "நம்பர் தட்டிப் போடு, கையால வெக்காத" என்றும் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. மூடிய பள்ளத்தின் மேல் சக்கரம் கொஞ்சம் அமுங்கியது. தம்பி இறங்கி மாட்டின் முதுகைத் தட்டினார், மாடுகள் மூச்சைப் பிடித்து இழுத்தன. ஒரு பக்கம் முளை, ஒரு பக்கம் கல். வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தாலும் எதிலும் உரசாமல் உள்ளே போனது. பின்னால் ஓனரின் டிரைவர் அவசரப்பட்டு ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் நடந்தபடியே திரும்பினார்.

"இருப்பா, இன்னும் ரெண்டு வண்டி வரணும்!"

ஓனர் டிரைவரைப் பார்த்து, வண்டியை ஓரம் கட்டு என்று கையைக் காட்டினார். அன்றைக்கு மூன்று வண்டி வைக்கோல் அந்த வழியாக உள்ளே போனது. மூன்றாவது வண்டியின் பின்சக்கரம் முளையைத் தாண்டும்வரை நான் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறப் போனேன். படப்பை வருவதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது.